கோல்ஃப் விடுதிக்கு முதல் தடவை போகிறவர்கள் கவனத்துக்கு

ஜூலை 3, வியாழன்

இந்த டைரி பெயிண்ட் கம்பெனி கொடுத்தது. வருஷா வருஷம் கொடுப்பார்கள். எங்க வீட்டுக்காரர் இதில் ஒன்றும் எழுதினது கிடையாது. கலர் கலக்கும்போது டப்பா மூடியை வைக்கத்தான் இது. ஜனவரி, பிப்ரவரி எல்லாம் நீலமும் பச்சையுமாக வட்டம் வட்டமாக இருக்கிறது. மே மாதத்தில் ஒரே ஒரு வட்டம், அரக்குக் கலர். அதற்குப் பிறகு சுத்தமான தாள். அதனால் நான் எழுதுகிறேன். ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்திருக்கிறேன். எழுத்து கோணலாக வந்தாலும் யாரும் பார்க்கப் போவதில்லை. எங்களுக்குப் பிள்ளை கிடையாது.

அவர் தவறின பிறகு கடையை நான்தான் திறக்கிறேன், நான்தான் பூட்டுகிறேன். பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு நடந்ததைச் சொல்ல ஆள் இல்லை. இனி இதில் சொல்லிக்கொள்ளலாம்.

இன்றைக்கு நடந்தது இது. மத்தியானம் அவர் போன் அடித்தது. கம்பெனியில் புதிதாக வந்திருக்கும் பையன், நிகில் ஷெட்டி. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே எங்கள் ஜில்லாவைப் பார்க்கிறான். தமிழ் இப்போதுதான் படிக்கிறானாம்.

"மேடம், சார்கிட்ட குடுங்க. பெரிய குட் நியூஸ்."

"அவர் தவறிட்டாருங்க தம்பி."

"என்ன தவறிட்டார்?"

இப்படி ஒருத்தர் கேட்டால் என்ன பதில் சொல்வது? அதற்குள் அவனே சொன்னான்.

"டார்கெட்டா? ஐயோ மேடம், டென்ஷனே வேணாம்! சார் ஜூன் டார்கெட் தாண்டிட்டார். எல்லாருக்கும் சில மாசம் தவறும். நல்ல வார்த்தை மேடம் இது, தவறிட்டார். எழுதி வச்சுக்கறேன்."

அதிகம் விற்ற டீலர்களைக் கடற்கரையில் ஏதோ கோல்ஃப் விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும். சாரிடம் சொல்லிவிடுங்கள் என்று வைத்துவிட்டான்.

நான் சொல்லத்தான் செய்தேன். சொல்லவில்லை என்று நாளைக்கு யாரும் பேச முடியாது.

ஜூலை 5, சனி

மதினி வந்தார். எங்க வீட்டுக்காரருடைய அக்கா, ராக்காயி. அடுத்த தெருவில்தான் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப கம்பெனிக்குத் தம்பி போனது இன்னமும் தெரியாதா? ஜூன்ல ஆர்டர் போட்டது யாரு?"

"அவர் போன்ல இருந்துதான் போச்சு மதினி."

"போன் தானா போட்டுச்சாக்கும்."

அவர் எப்போதும் 'ஓகே சார்' என்று எழுதி ரெண்டு கும்பிடுகிற கை போடுவார். நானும் அதையேதான் போட்டேன். யார் போடுகிறது என்று அவர்கள் கேட்கவும் இல்லை, நான் எழுதவும் இல்லை.

டீலர் பத்திரம் அவர் பேரில் இருக்கிறது. ஆள் இல்லை என்று தெரிந்தால் கிழித்துவிடுவார்களாம். சாத்தூரில் ஒரு அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. காரியம் முடிந்த கையோடு போர்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற பெரிய கடைக்காரர் எப்போது எப்போது என்று காத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் கடை போனால் நான் காலையில் எழுந்து எங்கே போவேன்?

மதினி வெற்றிலையை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: "போவோம். போகலைன்னாதான் ஏன் வரலைன்னு ஆள் அனுப்புவாங்க. ரெண்டு பேருன்னுதான சொல்லியிருக்கான்? நான் வாரேன்."

ஜூலை 7, திங்கள்

முதல் தடவை வருகிறவர்களுக்கு அறிவுரை என்று போனில் வந்தது. மதினிக்கு வாசித்துக் காட்டினேன்.

காலர் வைத்த மேல்சட்டை கட்டாயம்.
ஒருவர் பந்தை அடிக்கும்போது மற்றவர்கள் பேசக் கூடாது.
புல்லைக் கிளறினால் மறுபடி அமுக்கிவிட வேண்டும்.
வெயிலுக்குத் தொப்பியும் களிம்பும்.

"பேசாம நடக்கணுமாக்கும். பந்து பின்னாலயே எல்லாரும் வரிசையா போகணுமாக்கும்" என்றார் மதினி. "எழவு வீட்டு ஊர்கோலத்துலகூட கொட்டுச் சத்தம் இருக்குமேத்தா."

காலருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. மதினி என் ஜாக்கெட்டில் நாலையும் தன்னுடையதில் நாலையும் தையல்கடைக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

ஜூலை 8, செவ்வாய்

நிகில் போன் பண்ணினான். கோல்ஃப் கணக்குக்கு சாருடைய ஹேண்டிகேப் எவ்வளவு என்று கேட்டான். வலது முழங்கால் மட்டும் சரியாக மடங்காது என்றேன். அது பரவாயில்லை என்றான்.

ஜூலை 10, வியாழன்

ஜாக்கெட் வந்துவிட்டது. ஆம்பளைச் சட்டைக் காலர், உள்ளே கெட்டித்துணி வைத்து, முதல் பட்டன் வரைக்கும். போட்டுப் பார்த்தேன். கழுத்துக்கு மேல் போலீஸ்காரர், கழுத்துக்குக் கீழ் நான்.

தெருவில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். உப்புக்காற்றுக்குத் தலையில் எண்ணெய் வைக்காதே என்றாள் ஒருத்தி. எண்ணெய் வைக்காமல் போகாதே என்றாள் இன்னொருத்தி. வருஷம் திரும்பவில்லை, அதற்குள் உல்லாசமா என்று மூன்றாவது வீட்டுக்காரி என் காதில் விழுகிற மாதிரி குழாயடியில் சொன்னாள். அவளும் கடைசியில், புளிச்சோறு கட்டிக்கொண்டு போ, அங்கே எல்லாம் சப்பென்று இருக்கும் என்றாள்.

ஜூலை 11, வெள்ளி

பெட்டி கட்டினேன். அவர் சட்டை ரெண்டு வைத்தேன். பெட்டியில் இடம் இருந்தது.

ஜூலை 12, சனி

வந்துவிட்டோம். காலையில் கம்பெனி கார் வந்து ஏற்றிக்கொண்டு வந்தது.

வாசலிலேயே ஒரு பெண் தட்டோடு நின்றாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் நெற்றியில் குங்குமத்தை வைத்துவிட்டாள். மதினி பார்த்தார். சாயந்திரம் வரைக்கும் நான் முகம் கழுவவில்லை. தண்ணீர் ரொம்பச் சில்லென்று இருந்தது.

உள்ளே பலகையில் பேர்கள் எழுதியிருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள்: "வெல்கம் மேடம். மிஸ்டர் வெள்ளைச்சாமி எங்கே?"

"அவர் போயிட்டாரும்மா."

"ஓ, முன்னாடியே போயிட்டாரா? ரூமுக்கா, கிரவுண்டுக்கா?"

மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. "மேல போயிட்டான்" என்று விரலை உயரத் தூக்கிக் காட்டினார்.

"மாடிக்கா? சாரி மேடம், உங்களுக்குக் கீழ்த்தளம்தான் போட்டிருக்கோம். சார் மாடிதான் விரும்புறாருன்னா உடனே மாத்திடறேன்."

மாடியில் அறை கொடுத்துவிட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் கடல்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நானும் சொல்கிறேன். கட்டில் மேல் ரெண்டு வாத்து மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பயப்பட வேண்டாம். பிரித்தால் துண்டுதான்.

நான் ஒன்றைத்தான் பிரித்தேன்.

கடலுக்கும் அறைக்கும் நடுவில் கண்ணுக்கு எட்டின மட்டும் புல். அவ்வளவு பச்சையை நான் டப்பாவில்தான் பார்த்திருக்கிறேன். மதினிக்குத் தாங்கவில்லை. "இவ்வளவு புல்லுக்கு ஒரு ஆடு இல்லையேத்தா, ஒரே ஒரு ஆடு" என்று ஜன்னலை விட்டு நகரவே மாட்டேன் என்கிறார்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் நிகிலை நேரில் பார்த்தேன். மீசை முளைத்தும் முளைக்காத முகம். கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஐம்பது வயது இருக்கும், காக்கித் தொப்பி.

"மேடம், இவர் பேர் ஏழுமலை. இவர்தான் உங்க கேடி. பையை இவர்கிட்ட குடுத்துடுங்க."

மதினி சுருக்குப்பையை இடுப்புக்குள் செருகிக்கொண்டார். "கேடின்னு தெரிஞ்சே கூட்டிட்டு வந்து, பையையும் குடுக்கச் சொல்றானே!"

ஏழுமலை சிரித்துவிட்டார். "தாயி, கோல்ஃப் கம்பு தூக்குறவங்களுக்கு அதான் இங்க பேரு. என் சம்சாரமும் இருவது வருசமா சொல்லிச் சொல்லிக் காட்டுது."

அவர் விடுதியின் கம்புப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். கம்பெல்லாம் சாவிக்கொத்து மாதிரி கலகலவென்று ஆடியது. ஒவ்வொரு இடத்திலும் சின்னக் குழி, அதில் ஒரு கொடி. மொத்தம் பதினெட்டாம். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார்:

"ஐயா இப்ப எந்தக் குழிலம்மா இருக்காரு?"

மதினி "ஐயோ என் தம்பி!" என்று அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

நான்தான் சொன்னேன். "எங்க ஊர்லங்க. தெக்கு ஓரத்துல, கருவேலமரத்துக்குப் பக்கத்துல."

"இந்த கிரவுண்டுல கருவேலமரம் கிடையாதேம்மா..." என்றவர் நின்றுவிட்டார். மதினியைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார். காலர் மறைத்திருந்தது. ஆனாலும் தெரிந்துகொண்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இவங்களுக்குத் தெரியாதாம்மா?"

"சொன்னேங்க. அவங்களுக்கு விளங்கல."

"நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. பத்திரத்தை நினைத்துத்தான் சொன்னேன். வேறு எதற்காகவும் இல்லை.

அவர் பையை வெயில் படாமல் மரநிழலில் வைத்துவிட்டு, மதினிக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டில் எனக்குப் பக்கத்து நாற்காலியை அவருக்கென்று விட்டிருந்தார்கள். இலை மாதிரி மடித்த துணி, கரண்டி, எல்லாம். எதிரில் தேவகோட்டை டீலர் அருணகிரி, பெரிய ஆள், எல்லாரையும் தெரியும் என்று காட்டிக்கொள்கிறவர். மேலதிகாரி சக்கரவர்த்தி சார் வந்து, "வெள்ளைச்சாமி எங்கப்பா, நான் இன்னும் பார்க்கவே இல்லையே" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அருணகிரி முந்திக்கொண்டார்.

"நேத்து ராத்திரி என்கூடத்தான் சார் உக்காந்திருந்தாரு. ஜாலியான மனுசன்!"

சக்கரவர்த்தி சார் சந்தோஷமாகப் போய்விட்டார். இன்னொருத்தர், காலையில் நீச்சல் குளத்தில் பார்த்தேன், நன்றாக நீந்துகிறார் என்றார். எங்க வீட்டுக்காரருக்கு வாளித் தண்ணீர் என்றாலே பயம்.

எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அருணகிரியிடம் கேட்டேன்:

"ராத்திரி என்ன சொன்னாருங்க?"

"என்னம்மா, வீட்டுல சொல்லலையா? வியாபாரம்தான் பேசிட்டிருந்தோம். பிரைமர்ல இப்ப தண்ணி ஜாஸ்தியா இருக்குன்னாரு."

முதல் பூச்சுக்கான பிரைமர் என்றாலே எங்க வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்வார். அதே வார்த்தையை அப்படியே சொல்வார்.

"வேற?"

"வேற... முழங்கால் வலின்னாரு."

மதினி என் காலை மிதித்தார். நான் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டேன். மனுஷன் பாவம், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

ஜூலை 14, திங்கள்

நாளைக்கு எழுதலாம் என்று பார்த்தேன். எழுதிவிட்டே படுக்கிறேன்.

காலையில் கடல் ஓரமாகக் கூட்டினார்கள். ஒவ்வொரு டீலரும் ஒரு பந்து அடிக்க வேண்டும். அடித்ததும் சக்கரவர்த்தி சார் கேடயம் கொடுத்து, அடுத்த வருஷத்துப் பத்திரத்தில் அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொள்வார். மைக் நிகில் கையில். தமிழிலேயே பேசப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தான்.

அருணகிரி அடித்தார், பந்து கடலுக்குள் போனது. கை தட்டினார்கள்.

"அடுத்து, அருப்புக்கோட்டை வெள்ளைச்சாமி சார்!"

யாரும் போகவில்லை. ரெண்டாம் தடவை கூப்பிட்டான். "இப்பத்தான இங்க நின்னாரு" என்று ஒருத்தர் சுற்றிப் பார்த்தார். ஆள் அனுப்பிக் கழிவறையில் தேடினார்கள். மதினி என் காதுக்குள், "வயித்தால போகுதுன்னு சொல்லிருத்தா. கையெழுத்த நீயே போட்டுரு. யாருக்குத் தெரியப் போகுது" என்றார்.

மூன்றாம் தடவை அந்தப் பேரைக் கூப்பிட்டபோது நான் நடந்து போய்விட்டேன். எதற்கு என்று தெரியாது. அவர் பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அது காற்றில் போவது பொறுக்கவில்லை.

"சாருக்குப் பதில் மேடம்! சூப்பர்!"

ஏழுமலை கம்பைக் கையில் கொடுத்தார். "நல்லா ஓங்கி அடிங்கம்மா" என்றார் மெதுவாக. எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். கடல் மட்டும் இரைந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே வீச்சு. நான் ஒரு சுற்றுச் சுற்றி நின்றேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

மைக்கில் நிகில் சத்தமாக, சந்தோஷமாகச் சொன்னான்:

"மேடம் தவறிட்டாங்க!"

"எலேய்!" என்று மதினி பாய்ந்துகொண்டு வந்தார். காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. "யாருடா தவறினது? முழுசா நிக்கிறா, கண்ணு தெரியலையா ஒனக்கு? வாயக் கழுவுடா!"

பையன் ரெண்டு எட்டுப் பின்னால் போனான். "மேடம்தானே சொல்லிக் குடுத்தாங்க... அடிச்சா படலைன்னா தவறிட்டாங்க..."

"தம்பி" என்றேன், "தவறினது நான் இல்லப்பா. எங்க வீட்டுக்காரர்."

"சாரும் தவறிட்டாரா? அவர் எப்ப அடிச்சார்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தவறினார், போனார், இல்லை. இந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஊருக்குள்ளும் ஓட்டலாம், எனக்குள்ளும் ஓட்டலாம். அவன் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பேரை நான் வாயால் சொன்னது இல்லை.

"எங்க வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி செத்துப்போயிட்டார். மே மாசம் கடையில வச்சு, கலர் கலக்கிக்கிட்டு இருக்கும்போது. ஜூன் மாசம் ஆர்டர் போட்டது, சரக்கு வித்தது எல்லாம் நான். என் பேரு முத்துப்பேச்சி."

மைக்கில் என் குரல் எனக்கே வேறு யாரோ மாதிரி கேட்டது.

அருணகிரி மெல்ல நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அப்ப நான்... ராத்திரி..." என்றார். அவர் சம்சாரம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

மதினி என் காலரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். காலர் கிழியவில்லை. நல்ல தையல்.

பிறகு சக்கரவர்த்தி சார் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"அம்மா, பத்திரம் அவர் பேர்ல. அவர் இல்லைன்னா அது முடிஞ்சது. கேடயமும் குடுக்க முடியாது, விதி அப்படி."

"சரிங்க."

"பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் ஏற்கெனவே கேட்டு வச்சிருக்கார்."

"தெரியுங்க."

அவர் கடலைப் பார்த்தார். "ஜூன்ல இவ்வளவு வெளிப்பூச்சு எப்படிம்மா போச்சு? மழைக்காலம் வேற வருது."

"மழை வருதுன்னு சொல்லித்தாங்க வித்தேன்."

கடலை விட்டு என் பக்கம் திரும்பினார். சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது. "புதுசா உங்க பேர்ல எழுதுவோம். பொங்கல் வரைக்கும்தான். அதுக்குள்ள நின்னு காட்டுங்க. நிக்கலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

கேடயத்தைத் திரும்ப அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டார்கள். கேக்கில் அவர் பேர் எழுதியிருந்தது. அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மதினிதான் வெட்டி எல்லாருக்கும் கொடுத்தார். ஏழுமலைக்குப் பெரிய துண்டு.

முதல் தடவை போகிறவர்களுக்கு: கேக்கு நன்றாக இருக்கும். புளிச்சோறும் கொண்டு போங்கள்.

ஜூலை 15, செவ்வாய்

காரில் வரும் வழியெல்லாம் தூங்கினேன். மே மாதத்துக்குப் பிறகு அப்படித் தூங்கினது இன்றைக்குத்தான்.

ஜூலை 16, புதன்

கடை திறந்தேன். அவர் போனில் ஒரு மெசேஜ் வந்து கிடந்தது. கம்பெனியிலிருந்து, நிகில் பேர் போட்டு.

'அன்புள்ள வெள்ளைச்சாமி சார், தாங்கள் மறைந்த செய்தி அறிந்து மிகவும் வருந்துகிறோம். தங்கள் ஆன்மா சாந்தி அடையட்டும். ஜூலை டார்கெட்டுக்கு வாழ்த்துகள்.'

மதினிக்கு வாசித்துக் காட்டினேன். "செத்தும் டார்கெட் விடமாட்டேங்குறானே" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

என் விரல் பழக்கத்தில் 'ஓகே சார்' போட்டு, ரெண்டு கும்பிடுகிற கையும் போட்டுவிட்டது. அனுப்பவில்லை. அழித்தேன். எழுத்துத் தேடித் தேடிப் புதிதாக எழுதினேன்.

'அவர் செத்துப்போயிட்டார். நான் அவர் சம்சாரம் முத்துப்பேச்சி. இனிமேல் இந்த நம்பரில் நான்தான் பேசுவேன். வெள்ளை பிரைமர் தீர்ந்துவிட்டது. நாளைக்குள் லோடு அனுப்பவும். போன தடவை வந்ததில் தண்ணீர் அதிகம்.'

கொஞ்ச நேரம் கழித்து 'ஓகே மேடம்' என்று வந்தது.

லோடு இறக்க இடம் வேண்டும். அவர் நாற்காலி இருக்கிற இடம்தான் தோதான இடம். நாற்காலியைத் தூக்கி வாசல் பக்கம் போட்டுவிட்டு, சும்மாதானே கிடக்கிறது என்று அதிலேயே உட்கார்ந்துகொண்டேன்.